மயிலிட்டிக்கு ஒரு டிக்கெட்: போர் முடிஞ்ச ஊருக்கு டூர் போறது

இந்த எபிசோட் ஒரு பட்டியல்ல இருந்து ஆரம்பிக்குது.

2010 ஜனவரி. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை, அந்த வருஷம் போய்ப் பார்க்க வேண்டிய 31 இடங்கள்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க. வருஷா வருஷம் போடுறதுதான். அந்த வருஷம் முதல் இடத்துல இருந்த நாடு இலங்கை. போர் முடிஞ்சிருச்சு, கடற்கரை எல்லாம் காலியா இருக்கு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போயிடுங்க. ஒரு டிராவல் எடிட்டர் மனசுல ஓடின கணக்கு இதுதான்.

போர் முடிஞ்சது 2009 மே. அதாவது நடுவுல எட்டு மாசம்கூட முழுசா போகல. அந்த லிஸ்ட் வந்த அதே ஜனவரியில, வவுனியா பக்கம் செட்டிக்குளத்துல மெனிக் ஃபார்ம்னு ஒரு முகாம் இருந்தது. வன்னியில இருந்து தப்பிச்சு வந்த சுமார் 2.8 லட்சம் பேர்ல பெரும்பாலானவங்களை முள்வேலிக்குள்ள வச்சிருந்த முகாம்களோட தொகுப்பு அது. ஜனவரிக்குள்ள நிறைய பேரை வெளிய விட்டிருந்தாங்க. ஆனாலும் ஒரு லட்சம் பேர் அளவுக்கு உள்ளேதான் இருந்தாங்க. கடைசி ஆள் வெளிய வந்து அந்த முகாமை மூடினது 2012 செப்டம்பர்ல. கடைசி மாசங்கள்ல மட்டும் 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல சொன்னது.

ஒரே நாடு, ஒரே மாசம். ஒரு பக்கம் நம்பர் ஒன் டூரிஸ்ட் ஸ்பாட், இன்னொரு பக்கம் முள்வேலி. அதுக்காக அந்தப் பத்திரிகையைத் திட்டுற எபிசோட் இல்லைங்க இது. ஏன்னா நானும் போனேன். 2025 பிப்ரவரியில, டூரிஸ்ட்டா, செல்போன்ல கூகுள் மேப் போட்டுக்கிட்டு.

நான் இருக்கறது கள்ளக்குறிச்சி. எங்க மாவட்டத்துல சின்னசேலத்துல ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. முன்னாடி அகதிகள் முகாம்னு சொல்லுவோம், 2021-ல தமிழ்நாடு அரசு பேரை மாத்தினாங்க. தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி நூத்துக்கும் மேல முகாம்கள், அதுல சுமார் 58,000 பேர். காலேஜ்ல என்கூடப் படிச்ச ஒருத்தன் அந்த முகாம்ல பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா ஊர் யாழ்ப்பாணத்துல மயிலிட்டி. வடக்குக் கரையில, காங்கேசன்துறைக்குப் பக்கத்துல இருக்கற மீன்பிடி ஊர். 1990 ஜூன்ல, போர் மறுபடி வெடிச்சப்ப, மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை பக்கத்து ஊர்க்காரங்க எல்லாரும் கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. ரெண்டு நாள்ல திரும்பிடலாம்னு நினைச்சுத்தான் ஓடினதா அந்த அம்மா சொல்லுவாங்க. ஊர் ராணுவத்தோட உயர் பாதுகாப்பு வலயம் ஆயிடுச்சு. அவங்க கடல் தாண்டி வந்துட்டாங்க.

நான் போறேன்னு தெரிஞ்சதும் அவங்க பெருசா எதுவும் கேக்கல. "மயிலிட்டிப் பக்கம் போனா ஒருக்கா பாத்துட்டு வா தம்பி. துறையில இப்ப வள்ளம் கட்டுறாங்களோ எண்டு பாத்துச் சொல்லு." அவ்வளவுதான்.

இப்ப இந்தப் பயணத்தோட கணக்கைப் பாருங்க. சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு சின்ன ஏ.டி.ஆர். விமானம். ஒன்றரை மணி நேரம். கள்ளக்குறிச்சியில இருந்து சென்னை ஏர்போர்ட் போய்ச் சேர எனக்கு அதைவிட நாலு மடங்கு நேரம் ஆச்சு. இறங்குற இடம் பலாலி. பழைய ராணுவ விமானத் தளம், 2019 அக்டோபர்ல யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க. அங்கிருந்து அந்த அம்மாவோட ஊர் நாலஞ்சு கிலோமீட்டர் இருந்தா அதிகம்.

என்கிட்ட இந்திய பாஸ்போர்ட் இருக்கு. அந்த அம்மாகிட்ட எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்லை. 35 வருஷமா இங்க இருந்தும் இந்தியக் குடியுரிமை கிடையாது. 2019-ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலயும் இலங்கை பேர் இல்லை. அவங்க போகணும்னா ஒரேயடியா போகணும். ஒரு வாரம் போய் வீட்டைப் பாத்துட்டு, நல்லூர்ல கும்பிட்டுட்டு, முகாமுக்குத் திரும்பி வர்றதுங்கற கணக்கே அவங்களுக்குக் கிடையாது. அந்த ஊர்ல பிறந்த அவங்களால டூரிஸ்ட்டா போக முடியாது. அந்த ஊருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல, நான் போகலாம். பயணம் முழுக்க இது எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்தது. அதனாலதான் போர் முடிஞ்ச ஊர்ல டூரிஸம் எப்படி வேலை செய்யுது, யாரை உள்ள விடுது, எதைக் காட்டுதுன்னு கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன்.

இது புதுசு இல்ல. 1815-ல வாட்டர்லூ போர் முடிஞ்ச ரெண்டே மாசத்துல எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அங்க போய், களத்துல பொறுக்கின கவசம் மாதிரி ஞாபகப் பொருளெல்லாம் வாங்கிட்டு வந்தார். முதல் உலகப் போர்ல இன்னும் வேடிக்கை. டயர் கம்பெனி மிஷெலின், போர் முடியறதுக்கு முன்னாடியே, 1917-லயே, போர்க்களங்களைச் சுத்திப் பார்க்க வழிகாட்டிப் புத்தகம் போட ஆரம்பிச்சுட்டாங்க. கார் ஓடினாத்தானே டயர் தேயும்! வியட்நாம்ல கூச்சி சுரங்கத்துக்குப் போனா, காசு கட்டி ஏ.கே. 47-ல சுட்டுப் பாக்கலாம், குண்டுக்கு இவ்வளவுன்னு ரேட். இந்த மாதிரி பயணத்துக்கு 'டார்க் டூரிஸம்'னு பேர் வச்சது 1996-ல ரெண்டு ஸ்காட்லாந்து பேராசிரியர்கள்.

ஆனா வியட்நாம்ல தோத்த அமெரிக்கா கடல் தாண்டிப் போயிடுச்சு. ஜெயிச்சவங்க தங்களோட ஊர்ல, தங்களோட கதையைச் சொல்லிக்கலாம். இலங்கையில அந்த வசதி இல்ல. ஜெயிச்சவங்க கட்டின நினைவுச் சின்னத்துக்கு எதிர்ல, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க டீக்கடை வச்சிருக்காங்க. தினமும் காலையில கடையைத் திறந்தா அதுதான் கண்ணுல படும்.

போர் முடிஞ்சதும் வடக்குக்கு முதல்ல வந்த டூரிஸ்ட் வெள்ளைக்காரங்கன்னு நினைப்போம். கிடையாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருந்தா 2011 நடுவுல வரைக்கும் பாதுகாப்பு அமைச்சுகிட்ட அனுமதி வாங்கணும். 2014 அக்டோபர்ல அந்த விதியை மறுபடி கொண்டுவந்து, 2015 ஜனவரியில ஆட்சி மாறினதும் எடுத்தாங்க. முதல் அலையா வந்தவங்க தெற்கு இலங்கையில இருந்து வந்த சிங்கள மக்கள். ஏ-9 சாலையில தடை தளர்ந்ததும், 2010 ஆரம்பத்துல இருந்து பஸ் பஸ்ஸா வந்தாங்க. அவங்களைக் கேலி பண்றது ரொம்ப ஈஸி, நான் பண்ண மாட்டேன். அவங்கள்ல நிறைய பேருக்கு நயினாதீவு நாகவிகாரை தலைமுறை தலைமுறையா கேட்டு வளர்ந்த புனிதத் தலம். இன்னும் சில பேருக்கு, வடக்குல சண்டை போட்டுத் திரும்பி வராத மகன் கடைசியா நின்ன இடத்தைப் பார்க்கணும். வெறும் வேடிக்கை பாக்க வந்தவங்களும் இருந்தாங்கதான். ஒரே பஸ்ல மூணு வகையும் இருந்திருக்கும்.

அவங்களுக்கு எதைக் காட்டினாங்கங்கறதுதான் விஷயம். கிளிநொச்சியில புலிகள் பின்வாங்கும்போது தகர்த்த ராட்சத தண்ணித் தொட்டி சாஞ்சு கிடக்கும். அதைச் சுத்தி வேலி போட்டு, போர்டு வச்சு, பக்கத்துல ஞாபகப் பொருள் கடை வச்சாங்க. ஆனையிறவுல, 1991-ல புலிகள் கவச வண்டியா மாத்திக் கொண்டுவந்த புல்டோசர். அதைத் தடுத்துச் செத்த ராணுவ வீரர் காமினி குலரத்னவோட நினைவிடம். புதுக்குடியிருப்புப் பக்கம் காட்டுக்குள்ள பிரபாகரனோட நிலத்தடி வீடு, மாடி கணக்குல கீழ இறங்கும். முள்ளிவாய்க்கால் கரையில ஃபரா-3ங்கற ஜோர்டான் கப்பல். 2006 கடைசியில தரைதட்டி நின்னது, துரு ஏறின அந்தக் கப்பல் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்காத ஆளே இல்ல.

இதுல சில இடங்கள் இப்ப இல்ல. வல்வெட்டித்துறையில பிரபாகரன் பிறந்து வளர்ந்த வீடு 2010-லயே இடிக்கப்பட்டது. அந்த நிலத்தடி வீட்டை 2013 அக்டோபர்ல ராணுவமே வெடி வச்சுத் தகர்த்தது. கப்பலை வெட்டி இரும்புக்குப் போட்டாச்சு. புலிகளோட கல்லறைகள் இருந்த துயிலும் இல்லங்களை புல்டோசர் வச்சுத் தரைமட்டமாக்கினாங்க. கோப்பாய்ல அந்த இடத்துமேலயே ராணுவத்தோட 51-வது படைப்பிரிவுத் தலைமையகத்தைக் கட்டினாங்க. புலிகளை ஆதரிக்கறீங்களோ எதிர்க்கறீங்களோ, அது வேற விவாதம். அந்தக் கல்லுக்குக் கீழ இருந்தவங்களுக்கும் அம்மா இருந்தாங்கள்ல? 2016 வாக்குல இருந்து நவம்பர் 27 அன்னிக்கு, உடைஞ்ச கல்லையெல்லாம் ஒண்ணா குவிச்சு வச்சு, அது முன்னாடி விளக்கேத்த ஆரம்பிச்சாங்க.

அப்ப நீங்களும் நானும் போய்ப் பாக்கறது என்ன? யாரோ விட்டு வச்சதை மட்டும்தான். கைடு புக்ல இருக்கற மேப், இடிக்காம மிச்சம் வச்சதோட மேப்.

யாழ்ப்பாணத்துல எனக்கு வேன் ஓட்டின அண்ணன் முதல் நாள் காலையில கேட்டார், "என்ன தம்பி பாக்கப் போறீங்கள்? கோயிலோ, சண்டை நடந்த இடமோ?" நான் முழிச்சதைப் பார்த்துட்டு, "காசு ரெண்டுக்கும் ஒண்டுதான்" அப்படின்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சண்டை நடந்த இடம்னு அவர் சொன்ன லிஸ்ட்ல அவரோட சொந்த ஊரும் இருந்தது. அது எனக்குத் தெரிஞ்சது மூணாவது நாள். அவரா சொன்னப்பதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். தமிழ்நாட்டுல இருந்து போற நாம மத்த டூரிஸ்ட் மாதிரி போறதில்ல. கண்ணுல தண்ணியோட போறோம். 2009-ல டிவியில பார்த்தது, முத்துக்குமார் தீக்குளிச்சது, காலேஜ் ஸ்ட்ரைக், தஞ்சாவூர் விளார்ல இருக்கற முள்ளிவாய்க்கால் முற்றத்துக்கு ஒரு டிரிப். இதெல்லாம் மனசுல இருக்கறதால, போய் இறங்கினதும் நமக்கு ஒரு கதை வேணும். டீக்கடையில, ஆட்டோவுல, ஹோம்ஸ்டேல, "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"னு ஆரம்பிச்சுடுவோம். அந்த மனுஷன் சொல்லுவாரா மாட்டாரா, சொன்னா அவருக்கு என்ன ஆகும்னு யோசிக்கறதே இல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டம்னு 1979-ல வந்த சட்டத்தோட நிழல்ல வாழ்ந்தவங்க அவங்க. நீங்க கதையை வாங்கிக்கிட்டு ஃப்ளைட் ஏறிடுவீங்க. அவரு அங்கதான் இருக்கணும்.

எனக்கு இது உறைச்சதுக்குக் காரணம் எங்க ஊரு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. போரும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்லல. ஆனா, ஒரே நாள்ல தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் பந்தல் போட்டிருக்கற ஊருக்கு வெளியாட்கள் எப்படி வருவாங்கன்னு அப்பதான் பார்த்தேன். ஓபி வேன், கட்சிக்காரங்க, அப்புறம் யூடியூப் பசங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. ஒரு மாசம் கழிச்சு எல்லாரும் போயாச்சு, பேரு மட்டும் நின்னுபோச்சு. இன்னிக்கும் சென்னையில ஊர் பேரைச் சொன்னா, எதிர்ல இருக்கறவங்க முகத்துல ஒரு செகண்ட் மாறும்.

கல்வராயன் மலைக்கு இன்னும் மோசம். மேகம் அருவி, பெரியார் அருவி பாக்க சனி ஞாயிறு பைக்ல வர்ற பசங்க, வெள்ளிமலையில பெட்டிக்கடையில நின்னு, "இங்க எங்கண்ணா காய்ச்சுறாங்க?"னு கேக்கறதை நானே கேட்டிருக்கேன். கடைக்காரர் கடுக்காய் மரம் இருக்கற பக்கமா கையைக் காட்டிட்டு உள்ள போயிட்டார். அந்த மலையோட கதை அந்தக் கேள்விக்குள்ள அடங்காது. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. அங்க இருக்கற மலையாளி பழங்குடி மக்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் ஏன் இன்னும் சரியா இல்லைன்னு ஹைகோர்ட்டே தானா முன்வந்து 2024-ல விசாரிக்க ஆரம்பிச்சது. அதைக் கேக்க ஒரு பைக்கும் நிக்கல.

அதனால யாழ்ப்பாணத்துல நான் ஒரு முடிவோட இருந்தேன். போரைப் பத்தி நானா கேக்கறதில்ல. அவங்களா சொன்னா கேக்கறது. மூணு நாள்ல நான் அதிகமா பேசினது பனங்கட்டி விலை, ஆடிக்கூழ், விஜய் படம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பத்தி சொல்லாம போக முடியாது. வெள்ளை வெளேர்னு இருக்கு, முன்னாடி சரஸ்வதி சிலை. உள்ள யூனிஃபார்ம் போட்ட பசங்க போட்டித் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. 1981 மே 31 ராத்திரி இதைக் கொளுத்தினாங்க. சுமார் 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகள். அந்தத் தீயைத் தூரத்துல இருந்து பார்த்த தாவீது அடிகள்ங்கற தமிழறிஞர் அதிர்ச்சியில அங்கேயே உயிரை விட்டார்னு சொல்லுவாங்க. இந்தக் கட்டடத்துலயும் டூரிஸம் கதை ஒண்ணு இருக்கு. 2010 அக்டோபர்ல, ஒரு மாநாட்டுக்காக நூலகத்தை மூடியிருந்தப்ப, தெற்குல இருந்து வந்த பெரிய கூட்டம் உள்ள விடச் சொல்லித் தகராறு பண்ணி, புத்தகங்களை இழுத்துப் போட்டதா செய்தி வந்தது. எரிஞ்சு 29 வருஷம் கழிச்சு, பஸ் டூர்ல ஒரு ஸ்டாப்பா ஆகியிருந்தது அந்த நூலகம். நான் போனப்ப வாசல்ல ஒரு பெரியவர் பார்வையாளர் நேரம் எழுதின போர்டைக் காட்டினார். படிக்கிற பசங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு நான் வெளிய இருந்தே பார்த்துட்டு வந்தேன்.

கிளிநொச்சிக்கு ஒரு நாள் போனோம். ஊர் நடுவுல ராணுவ வெற்றி நினைவுச் சின்னம். பெரிய கான்கிரீட் கட்டி, அதைத் துளைச்சு நிக்கற ஒரு குண்டு, விரிசல் வழியா மேல ஒரு தாமரை. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல கந்தசாமி கோயில். 2017 பிப்ரவரி 20-ல இருந்து, காணாமல் ஆக்கப்பட்டவங்களோட அம்மாக்கள் ஃபோட்டோவைக் கையில வச்சுக்கிட்டு அங்க போராட்டம் ஆரம்பிச்சாங்க. ராணுவத்துகிட்ட கையால ஒப்படைச்ச பிள்ளை எங்கன்னு கேக்கறாங்க. பதில் கிடைக்காமலேயே அவங்கள்ல நிறைய பேர் இறந்துட்டாங்க. ஏ-9 ரோட்டுல போற டூரிஸ்ட் பஸ் எல்லாம் அந்த வழியாத்தான் போகுது. நினைவுச் சின்னத்துல நிக்கும், கோயில்கிட்ட நிக்காது.

கடைசி நாள் மயிலிட்டி.

காங்கேசன்துறை பக்கம் போற வழியில 'தல்செவன'ன்னு கடற்கரை ரிசார்ட் ஒண்ணு இருக்கு. நடத்தறது இலங்கை ராணுவம். முல்லைத்தீவுல நந்திக்கடல் ஓரமும் ராணுவம் ஒரு ஹோட்டல் வச்சிருக்கு, காரைநகர்ப் பக்கம் கடலுக்கு நடுவுல இருக்கற ஹம்மன்ஹீல் கோட்டையில கடற்படை ஹோட்டல் நடத்துது. ரூம் நல்லா இருக்கும், ரேட் கம்மி, இணையத்துல நல்ல ரேட்டிங்கூட இருக்கு. இந்தப் பக்கத்துல சொந்த நிலத்தை இன்னும் திரும்பி வாங்காதவங்க இருக்கும்போது ராணுவத்துகிட்ட ரூம் எடுக்கறது எனக்கு ஒத்துக்கல. நீங்க வேற மாதிரி நினைக்கலாம். ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி அது யாரோட ஹோட்டல்னு பார்த்துட்டுப் பண்ணுங்க.

மயிலிட்டித் துறைமுகத்தை ராணுவம் 27 வருஷம் கழிச்சு, 2017 ஜூலையில விடுவிச்சது. போருக்கு முன்னாடி இலங்கையிலயே பெரிய மீன்பிடித் துறைகள்ல ஒண்ணு. இப்ப புது ஜெட்டி இருக்கு. சுத்தி கூரை இல்லாத வீடுகள், சுவத்தைப் பிளந்து வளர்ந்த மரங்கள், நடுவுல நடுவுல புது பெயின்ட் அடிச்ச வீடுகள். வள்ளம் கட்டியிருந்தாங்க. அந்த அம்மா கேட்டதுக்குப் பதில் கிடைச்சதுன்னு ஃபோட்டோ எடுக்கப் போனேன்.

அப்பதான் அந்தப் படகுகளைப் பார்த்தேன். வரிசையா பெரிய பெரிய விசைப்படகுகள், பச்சை பெயின்ட் உரிஞ்சு, தண்ணியில பாதி சாஞ்சு. பக்கவாட்டுல இந்தியப் பதிவு எண், தமிழ்நாடுன்னு எழுத்து. ஒரு படகுல மாதா பேரு, இன்னொண்ணுல நம்ம சாமி பேரு. எல்லை தாண்டி வந்ததுக்காக இலங்கைக் கடற்படை பிடிச்ச நம்ம ஊர்ப் படகுகளை இங்கதான் கட்டி வைக்கறாங்க. 2024-ல மட்டும் 500-க்கும் மேல தமிழ்நாட்டு மீனவர்களைப் பிடிச்சிருந்தாங்க. நமக்கு இந்தச் செய்தி 'தமிழக மீனவர்கள் கைது'ன்னுதான் வரும். அதுல வர்ற கஷ்டம் உண்மை, ராமேஸ்வரத்துல அந்தக் குடும்பங்கள் படற பாடு உண்மை. ஆனா அந்த ஜெட்டியில நிக்கும்போது அதே செய்தி வேற பக்கத்துல இருந்து தெரியும்.

வலை பொத்திக்கிட்டு இருந்த ஒருத்தர் கேட்டார், "தமிழ்நாடோ?" ஆமாண்ணேன். "உங்கட ஆக்கள்தான் எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறவை" அப்படின்னார். கோபமாகூட சொல்லல. போர் நடந்த வருஷங்கள்ல இங்க இருக்கறவங்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, இல்லன்னா கட்டுப்பாடு. அப்ப அந்தக் கடல்ல மீன் பிடிச்சது நம்ம இழுவைப்படகுகள். அடிமட்டத்துல மடியை இழுத்தா குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் போயிடும். சின்ன வள்ளத்துக்காரங்க போட்ட வலையும் சேர்ந்து போயிடும். ஒரு வலை போச்சுன்னா லட்சக்கணக்குல கடன். இழுவை மடியை இலங்கை 2017-ல சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு, நம்ம பக்கம் அது இன்னும் ஓடுது. அவர் மயிலிட்டிக்குத் திரும்பி வந்தது 2017-க்கு அப்புறம். 27 வருஷம் முகாம்லயும் வாடகை வீட்டுலயும் இருந்துட்டு வந்து வலை போட்டா, அதை அறுக்கறது நாம. அவங்களுக்காக ஊர்வலம் போன அதே நாம.

நான் பதில் எதுவும் சொல்லல. சொல்லவும் இல்லை ஒண்ணும். அவர் உள்ள குரல் குடுத்து ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். குடிச்சுட்டு, கள்ளக்குறிச்சியில கடல் இல்லைன்னு சொன்னேன். சிரிச்சார். சின்னசேலம் அம்மாவோட வீட்டுப் பேரைச் சொல்லிக் கேட்டேன், அவருக்குத் தெரியல. கொஞ்சம் தள்ளி ஒரு வேலி, அதுக்கு அந்தப் பக்கம் இன்னும் ராணுவம். "அவையின்ர வளவு அங்கால இருக்கும்" அப்படின்னு கையைக் காட்டினார். அங்க ஃபோட்டோ எடுக்கக்கூடாதுன்னு போர்டு இருந்தது, நானும் எடுக்கல.

நான் திரும்பி வந்து ரெண்டு மாசத்துல, ஏப்ரல்ல, அந்தப் பகுதிக்குள்ள போற பலாலி ரோட்டை 30 வருஷத்துக்கு மேல ஆனப்புறம் மக்களுக்குத் திறந்துவிட்டாங்க. வண்டியை நடுவுல நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாதுன்னு நிபந்தனை. சொந்த வீட்டைத் தாண்டிப் போகலாம், நின்னு பாக்கக் கூடாது.

வள்ளம் கட்டியிருக்காங்கன்னு அந்த அம்மாகிட்ட சொன்னேன், ஃபோட்டோவும் காட்டினேன். பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாங்க. பின்னாடி இருந்த நம்ம ஊர் விசைப்படகைக் காட்டி அது என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். "ஓ" அப்படின்னாங்க. அப்புறம் ஊர் திரும்பறதுக்கு விண்ணப்பம் போடறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. ஐ.நா. அகதிகள் ஆணையம் மூலமா விருப்பப்பட்டுத் திரும்பறவங்களுக்கு டிக்கெட் குடுத்து அனுப்பற ஏற்பாடு ஒண்ணு இருந்தது. மகன் வேணாங்கறான், அவனுக்கு இங்கதான் வேலை. அம்மா ஃபாரத்தை வாங்கி எழுதக்கூட ஆரம்பிச்சுட்டாங்க.

மே கடைசியில ஒரு செய்தி வந்தது. அந்த ஏற்பாட்டுல தமிழ்நாட்டு முகாம்ல இருந்து திரும்பிப் போன ஒரு முதியவரை, பலாலி விமான நிலையத்துலயே கைது பண்ணாங்க. எதுக்குன்னா, பல வருஷம் முன்னாடி முறையான வழியில இல்லாம நாட்டை விட்டு வெளியேறினதுக்கு. போர் நேரத்துல படகுல தப்பிச்சதுக்கு. எதிர்ப்பு வந்ததும் இந்த நடைமுறையை மாத்துவோம்னு அங்க அரசாங்கம் சொன்னது. அதே விமான நிலையம்தான். நான் இறங்கினப்ப ஒரு ஆபீசர் சிரிச்ச முகத்தோட முத்திரை குத்தி, எத்தனை நாள் இருப்பீங்கன்னு மட்டும் கேட்டார்.

அந்த ஃபாரம் இப்ப சின்னசேலத்துல ஒரு தகரப் பெட்டிக்குள்ள, ரேஷன் கார்டுக்குக் கீழ இருக்கு.

போகணும்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு விஷயம். சென்னையில இருந்து ஃப்ளைட் இருக்கு. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடினது. மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, கேட்டுக்கிட்டு கிளம்புங்க. ஊர்க்காரங்க நடத்தற ஹோம்ஸ்டேல தங்குங்க. நல்லூர்த் திருவிழா சமயத்துல புலம்பெயர்ந்தவங்க எல்லாரும் ஊருக்கு வருவாங்க, ரூம் கிடைக்காது. வேன் அண்ணன் கோயிலோ சண்டை நடந்த இடமோன்னு கேட்டா, நான் கடைசியில சொன்ன பதில், "உங்களுக்கு எங்க நல்ல சாப்பாடு கிடைக்கும்னு தெரியுமோ, அங்க." நேரா அவர் அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். நண்டுக் குழம்பு.

அடுத்த எபிசோட் மலைக்கு மேல. கல்வராயன் மலையை 1976 வரைக்கும் வச்சிருந்த ஜாகீர்தார்கள் யாரு, அங்க வரி எப்படி வாங்கினாங்கன்னு பேசப் போறோம். ரெக்கார்டிங்கும் வெள்ளிமலையிலதான், அதனால பின்னாடி பஸ் ஹாரன் சத்தம் வரும், பொறுத்துக்கங்க.